ஆனையின் வயிற்றுக்கடியில் சிரித்தவனுக்கு

மக்கா,

இன்றைக்குக் காலையில் பள்ளிக்கூட முற்றத்தில் அச்சுக்குத்துப் பிள்ளை தன்னுடைய சின்ன ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினார். அம்மை வராமலிருக்கக் கையில் குத்திவிட்டுப் போகிற சர்க்கார் ஆள். நம் காலத்தில் வந்தவர் இல்லை, இவர் வேறு. பெட்டியும் வேறு. நாற்றம் மட்டும் அதேதான். அது மூக்கில் ஏறியதும் என் இடது கையிலிருந்த பழைய தழும்பு அரிக்க ஆரம்பித்தது. போன ஐப்பசியில் நீ போனதிலிருந்து உன்னிடம் பேச ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருந்தவன் நான். கிடைத்ததும் கடையைப் பாதி அடைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கருப்பட்டி வாங்க வந்தவர்கள் வாசலில் நின்று திட்டிக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

உன் மகள் பொன்னம்மையைக் குத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. இனயத்திலிருந்து புதுக்கடைக்கு வரச் சொன்னால் குளச்சல் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறவன் என்று நீயே என்னைச் சொல்லியிருக்கிறாய். அதனால் முதலில் நம்முடைய வரப்பிலிருந்து தொடங்குகிறேன்.

நம் ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வயல் நடுவே ஒரே ஒரு வரப்பு. இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடம் கிடையாது. ஒருவன் பின்னால் ஒருவனாகத்தான் போக வேண்டும். ஆகையால் யார் முன்னால், யார் பின்னால் என்ற வழக்கு தினமும் காலையில் எழுந்தது. நம் பயல்கள் அதற்குக் கண்ணீரை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். சாரிடம் அடி வாங்கிக் கண் கலங்காதவன் முதலில். கண் கலங்கியும் மூக்கை உறிஞ்சாதவன் அவனுக்குப் பின்னால். உறிஞ்சினவன் அதற்கும் பின்னால். வாய்விட்டு அழுதவன் கடைசி. முதலில் நடந்தவன் தங்கையன். புளியங்கம்பு ஒடிகிறவரை அடி வாங்கிவிட்டு, ஒடிந்த துண்டைக் குனிந்து பொறுக்கிச் சாரிடமே கொடுத்தவன் அவன். கடைசியில் நடந்தவன் நான்.

முன்னால் போகிறவனுக்கு, வரப்பு முடிகிற இடத்தில் மரத்தடியில் விழுந்து கிடக்கும் மாம்பழம். பின்னால் போகிறவனுக்கு, முன்னால் போன அத்தனை கால்களும் மிதித்துக் குழப்பிய சேறு. ஆனி மழையில் நான் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. அதற்கும் அழுவேன். எனக்கு அடி விழ வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் இருப்பவனுக்கு விழுந்தால் போதும். இவன் கண்ணுக்குப் பின்னால் யாரோ ஒரு குளம் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று என் அம்மை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

எனக்கு முன்னால் நீ. உன்னை எங்கே வைப்பது என்று பயல்களுக்கே குழப்பம். நீ அழுததில்லை. ஆனால் சார் கம்பை எடுத்தாலே உன் வாய் காதுவரை போய்விடும். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று சார் கூடுதலாகப் போடுவார். அடி கூடக் கூட இளிப்பும் கூடும். தங்கையன் நெடுநேரம் யோசித்து, அழுகிறவனைவிட இளிக்கிறவன் ஒரு படி மேல் என்று தீர்ப்பளித்தான். இளிச்சவாயன் என்று பெயரும் வைத்தான்.

உன் இளிப்பு என்ன சரக்கு என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதற்குப் பெரிய புத்தி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வழுக்குகிற இடத்தில் நீ பின்னால் கையை நீட்டுவாய், நான் பிடித்துக்கொள்வேன். தங்கையனுடைய கோவணம் அவிழ்ந்து வயலில் விழுந்த அன்று நீ சிரித்தாயே, அப்போது உன் கை சூடாக இருந்தது. வயல் காவல்காரனுடைய நாய் குரைத்தபோதும் நீ அதே மாதிரிதான் சிரித்தாய். ஆனால் கை குளத்திலிருந்து அப்போதுதான் பிடித்த விரால் மாதிரி ஜில்லென்று நனைந்திருந்தது. உனக்குப் பயம் வந்தால், பேடி தட்டினால், சிரிப்பு வரும். எனக்கு அழுகை வருகிற அதே இடத்தில் உனக்குச் சிரிப்பு, அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை, கையைப் பிடித்த எனக்குத் தெரிந்தது.

இப்படியே நாம் இருவரும் வரப்பின் வாலில் சேறு மிதித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்திருப்போம். அச்சுக்குத்துப் பிள்ளை வந்து கெடுத்தார்.

ஞாபகம் இருக்கிறதா? அவர் வருகிறார் என்று தெரிந்ததும் பாதிப் பள்ளிக்கூடம் பின்பக்கம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. சார் ஒவ்வொருவனாகக் காதைப் பிடித்து இழுத்து வந்தார். தங்கையன் ஒளியவில்லை. சட்டையைத் தோள்வரை ஏற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றான். பிள்ளை விளக்கில் காட்டிய குத்துக் கருவியை அவன் கையில் வைத்து ஒரு திருகு திருகினார். புளியங்கம்புக்கு அசையாத தங்கையன் 'எம்மோ' என்று ஒரு சத்தம் போட்டான், காக்கைகள் பறந்துபோயின. பிறகு மூக்கை உறிஞ்சினான். எல்லோரும் கேட்டார்கள்.

அடுத்து உன்னைத் தள்ளினார்கள். உனக்குச் சிரிப்புத் தொடங்கியது. திருகத் திருகச் சிரித்தாய். கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்க, பெஞ்சில் காலை அடித்துக்கொண்டு சிரித்தாய். பிள்ளை பயந்துபோய்ப் பாதியில் கருவியை எடுத்துப் பார்த்தார், தான் சரியாகத்தான் குத்தினோமா என்று. பிறகு சாரைக் கூப்பிட்டு, இத்தனை ஊரில் குத்தியும் இப்படி ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்ததில்லை என்று சொன்னார். சாயங்காலம் வரப்பின் தலைப்பில் தங்கையன் ஒதுங்கி உனக்கு வழி விட்டான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே ஒரு பார்வை. சந்தைக்குக் கொண்டுபோகிற ஆடு அப்படித்தான் பார்க்கும்.

முன்னால் நடப்பதில் மாம்பழம் மட்டும் இல்லை என்பது அப்புறம்தான் உனக்குத் தெரிந்தது. வரப்பில் நீர்க்கோலி படுத்திருந்தால் அதைத் தாண்ட வேண்டியவன் முதல் ஆள். காவல்காரனின் நாய்க்கு முதலில் கிடைப்பவனும் அவன்தான். நீ பாம்பைக் கண்டு சிரித்தாய். நாயைக் கண்டு சிரித்தாய். மேய்ச்சலுக்கு வந்த ஒரு கொம்புக் காளை தலையைத் தாழ்த்திக்கொண்டு உன்னை நோக்கி வந்தபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து, காளையே யோசித்துத் திரும்பிப் போனது. உனக்குப் பேடி ஏற ஏறச் சிரிப்பு ஏறியது. சிரிப்பு ஏற ஏற உன் மதிப்பு ஏறியது. மதிப்பு ஏறியதும் இன்னும் பெரிய பேடிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் எல்லாப் பயல்களும் உன்னைப் பார்த்துப் பழகி, அடி விழும்போது சிரிக்க முயன்றார்கள். வகுப்பு முழுவதும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த சார், நமக்கெல்லாம் கூட்டமாகக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பயந்து அன்றைக்குச் சீக்கிரம் மணி அடித்துவிட்டார்.

நான் வாலில் தனியாக நடந்தேன். வழுக்குகிற இடத்தில் நீட்ட எனக்கு முன்னால் கை இல்லை. விழுந்தேன், எழுந்தேன், அழுதேன். நீ முன்னால் சிரிக்கிற சத்தம் காற்றில் வரும். கை எப்படி இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒருநாள் கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு ஊறப்போட்டிருக்கும் ஓடைக்கரையில் என்னைத் தேடி வந்து நின்றாய்.

"லேய், எனக்கு அழப் படிச்சுத் தாலே. எனக்கு அங்க முன்னால நிக்க முடியல்ல. நான் ஒனக்க கூட பின்னால வந்திருதேன்."

என்னிடம் ஒருவன் படித்துக்கொள்ள வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பெருமையாகத்தான் இருந்தது. உள்ளியை நசுக்கி உன் கண்ணில் பிழிந்தேன். கண் சிவந்தது, சிரித்தாய். முழங்காலில் கல்லால் தட்டினேன், சிரித்தாய். உன் அம்மை செத்துப்போனதாக நினைத்துக்கொள் என்றேன். அதைக் கேட்டதும் உனக்கு உண்மையிலேயே பேடி வந்துவிட்டது, ஓடைக்கு அக்கரையில் துணி துவைத்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய். உன் அம்மை சாவதை நினைத்து நான்தான் விக்கி விக்கி அழுதேன். பாடம் அத்தோடு முடிந்தது.

நல்லவேளை, உன் அம்மை உயிரோடு இருந்ததோடு அவளுக்குக் காதும் கேட்டது. தூக்கத்தில் நீ சிரிப்பதைக் கேட்டு, பிள்ளைக்கு என்னவோ பேடி தட்டியிருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்தது அவள்தான். பேடி தெளிய நம் பக்கத்தில் ஒரே மருந்துதானே. ஆனையின் வயிற்றுக்கு அடியில் பிள்ளையை மூன்று தடவை நுழைத்து எடுப்பது. கோயிலுக்குள் போய்ச் சாமியைப் பார்க்க அப்போது நமக்கெல்லாம் வழி கிடையாது. ஆனால் கோயில் ஆனை குளிக்கக் குளத்துக்கு வரும், அதன் வயிற்றைப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை. ஆனைக்காரருக்கு ஒரு படலை மட்டி வாழைப்பழம் கொடுத்தால் போதும்.

இதைச் சொல்ல நீ ஓடி வந்தபோது உன் முகத்தில் இருந்தது நிஜச் சிரிப்பு. "இனி எல்லாவனுக்கும் தெரிஞ்சு போவும்லே. பேடி உள்ளவனைத்தான் ஆனைக்கடியில விடுவினும்," என்றாய். ஒரு வாரத்துக்குள் நீ பழையபடி என் முன்னால் சேறு மிதிப்பாய் என்று நாம் இருவரும் கணக்குப் போட்டோம்.

குளக்கரையில் பயல்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். தங்கையனும் வந்திருந்தான். ஆனை தென்னை ஓலையைத் தின்றுகொண்டு நின்றது. அவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததும் நம் கணக்கில் ஒரு பிழை இருப்பது எனக்குத் தெரிந்தது. பேடிக்கு மருந்து என்று நமக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரிவது ஆனைக்கு அடியில் சிரித்துக்கொண்டு போகிற ஒருவன். முதல் தடவை நீ சிரித்துக்கொண்டே நுழைந்து அந்தப் பக்கம் வந்தாய். பயல்கள் மூச்சு விடவில்லை. இரண்டாம் தடவை ஆனை வயிற்றுக்குள் ஏதோ உருட்டியது, உன் சிரிப்பு இன்னும் பெரிதானது. மூன்றாம் தடவை நீ நடுவில் போய் அப்படியே குந்திவிட்டாய். நான்கு தூணுக்கு நடுவில் உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்துகொண்டு சிரித்தாய். உன் அம்மை வெளியே வரச் சொல்லிக் கத்தினாள். ஆனைக்காரர் ஆனையை அசையவிடாமல் காதைப் பிடித்துக்கொண்டு வேர்த்து நின்றார். கரையில் நின்ற பயல்களோ, வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறான் என்று ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொண்டார்கள்.

உன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே போனேன். வீரத்தோடு போனேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஊளையிட்டுக்கொண்டே, மூக்கு ஒழுக, கண் தெரியாமல், தவழ்ந்துகொண்டு போனேன். ஆனையின் வயிறு என் முதுகில் உரசியது. நாற்றம் இன்னும் போகவில்லை.

"வாலே," என்றேன்.

"காலு வரல்லலே," என்று சிரித்தாய்.

உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ சிரிக்க, நான் அழ, இருவரும் ஒரு சாணிக் குவியலின் மேலாக வெளியே வந்து விழுந்தோம். பிள்ளைக்குப் பேடி தெளிந்ததா என்று உன் அம்மை கேட்டாள். பிள்ளைக்குத் தெரியாது, ஆனைக்கு இப்போது கொஞ்சம் பேடி பிடித்திருக்கும் என்றார் ஆனைக்காரர். வேறு யாராவது வருகிறீர்களா என்று அவர் பயல்களைப் பார்த்துக் கேட்டதும் தங்கையனுக்கு வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

அடுத்த நாள் வரப்பின் தலைப்பில் தீர்ப்பு. நீ மூன்று தடவை போய்ச் சிரித்ததோடு, உள்ளே உட்கார்ந்தும் சிரித்தவன். உனக்கு மேல் இனி ஆள் கிடையாது. சரி. நானும் உள்ளே போனேனே என்று கேட்டேன். தங்கையன் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது: "அழுதுக்கிட்டுப் போனதெல்லாம் கணக்கில சேராதுலே." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆனைக்கு அடியில் போகத் துணியாத அத்தனை பயல்களும் சேர்ந்து, போய் வந்த என்னைக் கடைசியில் நிறுத்தினார்கள். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. தங்கையன் கடைக்கு வந்தால் இப்போதும் அவனுக்குக் கல் கிடக்கிற புளியைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

நீ முன்னால் நின்றவன் நடக்கவில்லை. திரும்பி, வரிசையை ஒருதரம் பார்த்தாய். முன்னால் போகிறவனுக்கு எதிரே வருவது கண்ணில் தெரியும், அதனால் முன்னால் யார் வேண்டுமானாலும் போகலாம் என்றாய். பின்னால் என்ன வருகிறது என்று யாருக்குத் தெரியும்? கெட்டிக்காரன் பின்னால்தான் நடக்க வேண்டும்.

"இனி நான் கடைசியிலயாக்கும் வருவேன். இவன் எனக்க முன்னால. ஆனைக்கடியில வந்தவனுவ பின்னால. மத்தவனுவ முன்னால போங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாய். அதனால் நம்பினார்கள். ஒவ்வொருவனாக உன்னைத் தாண்டி முன்னால் போனார்கள். எல்லோரும் போன பிறகு நீ என் பின்னால் வந்து நின்று கையைக் கொடுத்தாய். மக்கா, அன்றைக்கு உன் கை இருந்த குளிர்ச்சி ஆனைக்கு அடியில்கூட இல்லை. ஆனைக்குப் பயந்ததைவிட அந்தப் பயல்களுக்கு நீ அதிகம் பயந்திருக்கிறாய். யாராவது ஒருவன் முடியாது என்று சொல்லியிருந்தால் நீயும் தொலைந்திருப்பாய், நானும் தொலைந்திருப்பேன். அப்படிப் பயந்துகொண்டேதான் எனக்காக அதைச் சொன்னாய்.

ஒரு மாதத்துக்குள் வாலுக்கு அடிதடி ஆகிவிட்டது. எல்லோருக்கும் கடைசியில்தான் நடக்க வேண்டும். முன்னால் நடக்க ஆள் இல்லாமல் தங்கையனைத் தள்ளிவிட்டோம். மாம்பழம் முழுவதையும் அவனே தின்றான். சேற்றைப் பற்றி ஒருவனும் வாய் திறக்கவில்லை.

அப்புறமும் நாம் அப்படியேதான் இருந்தோம். உன் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கியதும் நீ சிரிக்கத் தொடங்கினாய். உன் பயத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளை சிரிக்கிறான், தோழன் தேம்பித் தேம்பி அழுகிறான். பெண்ணின் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவனுக்கும் நம் பெண்ணுக்கும் முன்பே ஏதாவது உண்டோ என்று விசாரிக்கவே ஆள் அனுப்பிவிட்டாள். நீ இனயத்திலிருந்து கருவாடு எடுத்துப் புதுக்கடைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்தில், விலைக்காக உன்னிடம் சத்தம் போட்டவர்கள் எல்லாம் உன் சிரிப்பைப் பார்த்து, இவன் ஏதோ உள்ளே வைத்திருக்கிறான் என்று தாங்களாகவே விலையைக் கூட்டினார்கள். சந்தையில் உன்னைப் பெரிய நெஞ்சுறுதிக்காரன் என்றுதான் சொன்னார்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை.

காய்ச்சலில் நீ படுத்த கடைசி நாளில் வைத்தியர் வெளியே வந்து, சிரிக்கிறான், பிழைத்துவிடுவான் என்றார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் உள்ளே வந்து உன் கையைப் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் விடவில்லை.

உன்னைத் தூக்கிக்கொண்டு அதே வரப்பு வழியாகப் போனார்கள். கடைசி ஆளாக நான் நடந்தேன். வாய்விட்டு அழுதேன், அன்றைக்கு யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. ஆனால் வீட்டில் வேறொன்று நடந்திருந்தது. உன்னைத் தூக்கிய நேரத்தில் உன் மகள் சிரித்திருக்கிறாள். பெண்கள் அவள் தொடையைக் கிள்ளியிருக்கிறார்கள். அப்பன் செத்ததற்குச் சிரித்த பிள்ளை என்று ஊரில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் அது போய்விட்டது. அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வரப்பில் அவளை வரிசையில் சேர்ப்பதில்லை, கூட்டம் போன பிறகு தனியாக நடந்து வருவாள். நான் எத்தனையோ பேரிடம் விளக்கிச் சொல்லப் போனேன். உன் பெயரை எடுத்ததும் எனக்கு அழுகை வந்துவிடும், விளக்கம் அதோடு போய்விடும்.

இன்றைக்குக் காலையில் பிள்ளைகள் எல்லோரும் அலறிக்கொண்டு நின்றார்கள். பொன்னம்மையின் முறை வந்தது. அவள் வாய் காதுவரை போனது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அச்சுக்குத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, தைரியசாலி என்று சொல்லிக்கொண்டே கருவியை விளக்கில் காட்டினார். நான் அவளுடைய மற்றக் கையைப் பிடித்தேன்.

அதே கைதான் மக்கா. அதே விரால்.

அவ்வளவுதான், என் குளம் உடைந்துவிட்டது. பிள்ளை அவள் கையில் குத்தினார், நான் ஓவென்று அழுதேன். முப்பது வயதுக் கடைக்காரன், மீசை வைத்தவன், பள்ளிக்கூட முற்றத்தில் நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிள்ளை குத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓய், குத்து பிள்ளைக்கா உமக்கா?"

பள்ளிக்கூடம் முழுவதும் சிரித்தது. சாரும் சிரித்தார். பொன்னம்மை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அதே சிரிப்புத்தான். ஆனால் என் கைக்குள் அவள் கை மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் வரப்பின் தலைப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். என்னை இன்னொரு தரம் பார்க்கத்தான். அதில் ஒரு பெண் குழந்தை, கண்ணெல்லாம் வீங்கினவள், தைரியமாகக் கிட்டே வந்தாள்.

"ஏட்டி, ஒனக்க மாமன் என்னத்துக்கு அழுதாரு?"

பொன்னம்மை கொஞ்சம் யோசித்தாள். "எனக்குப் பேடியா இருந்து. அதான் மாமா அழுதாரு," என்றாள்.

அந்தக் குழந்தை அதைக் கேட்டு, சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டியது. பிறகு வரிசையில் தனக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு நின்றது. பொன்னம்மை அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு, வழுக்கும், பிடித்துக்கொள்ளுங்கள் என்று என் பக்கம் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நேற்றுப் பெய்த மழையில் சேறு முழங்கால் வரை இருந்தது.